போன்சாயில் ஈரம் மிஞ்சுவது வாளியால் அல்ல, மண்ணால்

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் விடணும்?" போன்சாய் வாங்கியவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. தொட்டிக்குள் என்ன கலவை இருக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பொடி மண்ணில் நிற்கும் மரத்துக்குக் காலையில் விட்ட நீர் மூன்றாம் நாளும் அடியில் கிடக்கும். குருணைக் கலவையில், அதாவது அரிசிக் குருணை மாதிரி சலித்தெடுத்த சிறு கல், களிமண் துண்டுகளில், நிற்கும் அதே மரம் அன்று மாலையே அடுத்த நீரைக் கேட்கும். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை உங்களால் பூவாளியோடு நிற்க முடியும்? அதற்கு ஏற்ற மண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

"அதிகமாகத் தண்ணீர் ஊற்றியதால் வேர் அழுகிவிட்டது" என்பதும் பாதி உண்மைதான். வேர் நீரால் சாவதில்லை. காற்று கிடைக்காமல்தான் சாகிறது. வெறும் நீரில் வேர் விடும் செடிகளை நாம் பார்த்திருக்கிறோம். நீர் எவ்வளவு ஊற்றினாலும் உபரி வடிந்து, குருணைகளுக்கு நடுவில் காற்று திரும்ப நுழைந்துவிட்டால் வேர் பிழைத்துக்கொள்ளும். நுழைய வழியில்லை என்றால் கால் குவளை நீரே அதிகம்.

ஆழமில்லாத தொட்டியில் இது ஏன் பெரிய விவகாரம் ஆகிறது என்பதற்கு ஒரு சின்னச் சோதனை. பாத்திரம் தேய்க்கும் செவ்வக ஸ்பாஞ்சை முழுதாக நனைத்து, தட்டையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நிமிர்த்தி, குறுகிய பக்கம் கீழே வருமாறு பிடியுங்கள். மறுபடி நீர் கொட்டும். அதே ஸ்பாஞ்ச், அதே நீர், உயரம் மட்டும்தான் கூடியது. தொட்டி மண்ணிலும் இதுதான் நடக்கிறது. வடிந்து முடிந்த பிறகும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் தேங்கி நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது குருணையின் அளவு, தொட்டியின் ஆழம் அல்ல. பொடியான தோட்ட மண்ணில் அது 5 செ.மீ.யைத் தாண்டும். ஒரு அடி ஆழத் தொட்டியில் 5 செ.மீ. என்பது அடியில் ஒரு பட்டைதான், மேலே வேருக்கு இடம் இருக்கிறது. போன்சாய்த் தொட்டியின் மொத்த ஆழமே 5 செ.மீ. என்றால் தொட்டி முழுக்கச் சேறு. குருணை பெரிதாக ஆக இந்தத் தேங்கு உயரம் குறையும். போன்சாய்க் கலவையில் குருணைக்கு இவ்வளவு முக்கியத்துவம் இதனால்தான்.

அடியில் கூழாங்கல் பரப்பினால் வடிகால் நன்றாக இருக்கும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர் எதிர். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள கல்லுக்குள் நீர் எளிதில் இறங்காது, மேல் மண் நிரம்பித் தளும்பினால்தான் இறங்கும். தேங்கும் பட்டை கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு இருந்த இடமும் போச்சு. மேலிருந்து கீழ் வரை ஒரே அளவுக் குருணையாகப் போடுவதே நல்லது. துளையை மூட ஒரு துண்டு பிளாஸ்டிக் வலை போதும்.

குருணை அளவு: நடுத்தர மரங்களுக்கு 3 முதல் 6 மி.மீ., உள்ளங்கையில் அடங்கும் குட்டி மரங்களுக்கு 2 முதல் 3 மி.மீ. இரண்டு மி.மீ. சல்லடையில் கீழே விழுவதைத் தயங்காமல் ஒதுக்குங்கள். பெரிய ஜல்லியையும் பொடியையும் கலந்தால் சராசரி வடிகால் கிடைக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. பெரியதின் இடுக்குகளில் சின்னது போய் அடைத்துக்கொள்ளும். கிடைப்பது கான்கிரீட் போட ஏற்ற கலவை. சலிப்பது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் கலவையில் எந்தப் பொருள் என்பதைவிட எந்த அளவு என்பதே முக்கியம்.

ஜப்பானிய முறையில் மூன்று பொருள்கள் பேசப்படும். அகடாமா என்பது எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான களிமண் குருணை. நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். காய்ந்தால் வெளிறி, நனைந்தால் கறுத்து, தானே ஈரமானியாக வேலை செய்யும். இரண்டு மூன்று ஆண்டுகளில் உடைந்து பொடியாகும் என்பது அதன் குறை. பியூமிஸ் என்ற லேசான எரிமலைக் கல் தன் நுண்துளைகளுக்குள் நீர் வைத்துக்கொண்டு வெளியே காற்றுக்கு வழிவிடும், எளிதில் உடையாது. லாவா கல் (எரிமலைக் குழம்பு இறுகியது) நீரைக் குறைவாகப் பிடிக்கும், கலவைக்கு எலும்பு மாதிரி நிற்கும்.

இவை கிடைக்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. நன்றாகச் சுட்ட செங்கல்லை உடைத்து, சலித்து, தூசு போகக் கழுவினால் அருமையான குருணை. ஒரு பிடியை இரவு முழுக்க நீரில் ஊறவைத்துக் காலையில் விரலால் நசுக்குங்கள். குழைந்தால் அது அரைவேக்காட்டுச் செங்கல், சில மாதங்களில் தொட்டிக்குள் களிமண்ணாகிவிடும். இடிபாடுகளில் எடுத்த செங்கல்லில் சிமெண்ட், சுண்ணாம்புச் சாந்து ஒட்டியிருக்கும். வினிகர் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். கரடுமுரடான ஆற்று மணலையும் சேர்க்கலாம், ஆனால் அது உள்ளுக்குள் நீரும் பிடிக்காது, சத்தும் பிடிக்காது, கனம் மட்டும் கூடும். கடல் மணல் வேண்டவே வேண்டாம். பெர்லைட் (எரிமலைக் கண்ணாடியைச் சூட்டில் பொரித்த லேசான வெள்ளைக் குருணை) நல்லதுதான், ஒவ்வொரு முறை நீர் விடும்போதும் மிதந்து மேலே வந்து கண்ணை உறுத்தும்.

தேங்காய் நார்த்தூள், மக்கிய இலை, மண்புழு உரம் போன்றவை பகையாளிகள் அல்ல. அளவு மீறினால்தான் தொல்லை. எல்லாம் சேர்ந்து மொத்தக் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். நார்த்தூளில் உப்பு இருக்கும், மூன்று முறை நீர் மாற்றி அலசிய பிறகே சேர்க்க வேண்டும்.

விகிதம் என்று கேட்டால்: பைன், ஜூனிப்பருக்கு அகடாமா, பியூமிஸ், லாவா மூன்றும் சம பங்கு. மேப்பிள் போல இலை உதிர்த்து, ஈரம் விரும்பும் மரங்களுக்கு அகடாமாவை இரண்டு பங்காக்கலாம். ஆல், இச்சி வகைகள் எதையும் தாங்கும். செங்கல் குருணை மூன்று பங்கு, பியூமிஸ் அல்லது கரடு மணல் ஒரு பங்கு, கழுவிய நார்த்தூளோ மக்கிய இலையோ ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக. போகன்வில்லாவுக்கு இதே கலவையில் மக்கு (நார்த்தூளோ இலையோ) பாதி அளவு போதும். ஜேட் செடி தண்டிலும் இலையிலும் நீர் சேமித்து வைத்திருப்பதால் அதற்கு வெறும் குருணையே போதும். அசேலியா என்ற பூச்செடி தனி ரகம், அமில மண் கேட்கும். கனுமா எனப்படும் அமிலத்தன்மை கொண்ட எரிமலைக் குருணையில் மட்டுமே நடுபவர்கள் அதிகம்.

கலவை சரியா என்பதை நடுவதற்கு முன்பே அளந்துவிடலாம். நட உத்தேசித்த தொட்டியிலேயே செய்யுங்கள், வேறு ஆழத்தில் செய்தால் விடை மாறிவிடும். கலவையை முதலில் நன்றாக ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். தொட்டித் துளைகளை உள்பக்கம் வலையாலும் வெளிப்பக்கம் ஒட்டு நாடாவாலும் மூடிக் கலவையை நிரப்புங்கள். மேல்மட்டத்தில் நீர் பளபளக்கும் வரை மெதுவாக ஊற்றுங்கள். ஒரு தாம்பாளத்துக்கு மேல் பிடித்து நாடாவைக் கிழித்துப் பத்து நிமிடம் வடியவிட்டு, வடிந்த நீரை அளக்க வேண்டும். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரத்துக்குக் கலவை இருந்தால் அது 2.4 லிட்டர். வடிந்தது 600 மி.லி. என்றால் வடிந்த பிறகு கலவையில் காற்றின் பங்கு 25 சதவீதம். இது நல்ல எண். 20-க்குக் கீழே போனால் மறுபடி சலியுங்கள். 35-ஐத் தாண்டினால் வெயில் காலத்தில் தினம் இரண்டு முறை நீர் விடத் தயாராக இருங்கள்.

இப்போது பூவாளிக்கு வருவோம். அட்டவணை போட்டு நீர் விடுவது மோசமான பழக்கம். தினம் ஒரே நேரத்தில் பாருங்கள், ஆனால் தேவைப்பட்டால் மட்டும் விடுங்கள். மேல்மண் காய்ந்திருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு மூங்கில் குச்சியைத் தண்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் அடி வரை செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக, நிறம் கறுத்து வந்தால் பொறுக்கலாம். மேல் 1 செ.மீ. காய்ந்து அதற்குக் கீழே லேசான ஈரம் இருக்கும்போதே விட்டுவிட வேண்டும், முழுக்கக் காயும் வரை காத்திருக்கக் கூடாது. ஜேட் மட்டும் விலக்கு. சிறு தொட்டிகளைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம், இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். மேலே பாசி வளர்த்திருந்தால் கண்ணை நம்பாதீர்கள், பாசி காய்ந்தும் அடி நனைந்தும் இருக்கும், தலைகீழாகவும் இருக்கும்.

விடும்போது முழுதாக விடுங்கள். மெல்லிய துளைகள் கொண்ட பூவாளி முகப்பை மேல்நோக்கித் திருப்பினால் நீர் தூறலாக விழும், மண்ணைப் பறிக்காது. முதல் சுற்று மேல் குருணைகளை நனைக்க மட்டும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து இரண்டாம் சுற்று, அடித் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் நீர் ஓடும் வரை. கொஞ்சமாகத் தெளித்துவிட்டுப் போவதுதான் மெதுவாகக் கொல்லும் வழி. மேலே ஈரமாகவே தெரியும், அடிவேர் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், உப்பும் உள்ளேயே சேரும்.

நீர் ஊற்றியவுடன் துளை வழியாக ஓடிவிடுகிறது, தொட்டியோ கனக்கவில்லை என்றால் வேர்க்கட்டு உலர்ந்து, நீர் ஓரமாக வழிந்து போகிறது என்று பொருள். மக்கு கலந்த மண் ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் நீரை ஏற்காது. தொட்டியை விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரை நீரில் இறக்கி, குமிழி வருவது நிற்கும் வரை, சுமார் பத்து நிமிடம், வைத்து எடுங்கள். இது வைத்தியம், அன்றாட உணவு அல்ல. தினமும் முக்கினால் உப்பு வெளியேறவே வழியிருக்காது.

உச்சி வெயிலில் நீர் விட்டால் இலையில் சொட்டுகள் லென்ஸ் மாதிரி எரித்துவிடும் என்ற பயமும் வேண்டாம். வழவழப்பான இலையில் அப்படி நடப்பதில்லை. மரம் வாடி நிற்கும்போது மாலை வரை காத்திருப்பதுதான் ஆபத்து. வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் கொதிநீரைக் கீழே விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

நீரின் தரம் மெதுவாகத்தான் காட்டிக்கொடுக்கும். தொட்டி விளிம்பிலும் தண்டின் அடியிலும் வெள்ளை பூத்தால் கடின நீர். அதிலுள்ள பைகார்பனேட் மண்ணின் பி.எச். அளவை (அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஏற்றிவிடும், இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அடையாளம்: புதுத் துளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். பழைய இலைகளில் முதலில் இப்படித் தெரிந்தால் அது பெரும்பாலும் மக்னீசியக் குறை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மழைநீர் சிறந்த மருந்து. இல்லாவிட்டால் வாளி நீரில் சிட்ரிக் அமிலத்தைச் சிட்டிகை சிட்டிகையாகக் கலந்து, பி.எச். தாளில் 6 முதல் 6.5 வரும் வரை பாருங்கள். உப்புப் போட்டு மென்மையாக்கும் கருவியின் நீர் ஆகாது, சோடியம் சேரும். ஆர்.ஓ. நீர் பழுதில்லை, ஆனால் அதில் கால்சியமும் மக்னீசியமும் அநேகமாக இருக்காது, உரத்தில் கொடுத்தாக வேண்டும்.

இலை வாடியிருக்கிறது. நீர் போதவில்லையா, மிஞ்சிவிட்டதா? இரண்டுக்கும் முகம் ஒன்றுதான், அழுகிய வேராலும் நீர் உறிஞ்ச முடியாதே. மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் பூவாளியை எடுக்காதீர்கள். மண் ஈரமாக இருந்தும் இலை வாடினால் வேரில் கோளாறு. தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் 5 செ.மீ. கட்டை கொடுத்துச் சாய்த்து வையுங்கள், ஸ்பாஞ்சில் பார்த்த அதே சூத்திரத்தால் தேங்கிய நீர் வடியும். தொடர் மழையிலும் இதைச் செய்யலாம். நிழலுக்கு மாற்றுங்கள், உரத்தை நிறுத்துங்கள். அப்போதும் தேறாவிட்டால் வெளியே எடுத்துப் பாருங்கள். நல்ல வேரின் நுனி வெளுப்பாக, உறுதியாக இருக்கும். அழுகியது பழுப்பாகி, இழுத்தால் தோல் மட்டும் கழன்று உள்ளே நூல் மிஞ்சும். உறுதியான இடம் வரை வெட்டி, மக்கு எதுவும் இல்லாத வெறும் பியூமிஸிலோ செங்கல் குருணையிலோ நட்டு வையுங்கள். ஜூனிப்பரில் ஒரு வம்பு: வேர் செத்த பிறகும் பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும். சந்தேகம் வந்தால் சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

குருணைக் கலவைக்கு மாறியவர்கள் மறந்துவிடும் ஒன்று, அதில் சோறு கிடையாது. நீர் ஓடும்போது சத்தும் ஓடும். வளரும் பருவத்தில் புட்டியில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்த திரவ உரத்தை வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை கொடுங்கள், ஈர மண்ணில் மட்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் நுனி கருகும். மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு வெறும் நீரை ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள்.

மண் மாற்றிய அன்று அடியில் வழியும் நீர் தெளியும் வரை ஊற்ற வேண்டும், மிச்சத் தூசு எல்லாம் அப்போதே போய்விடட்டும். குச்சியால் குத்திக் குத்தி வேருக்கு நடுவே குருணை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், வெற்றிடம் விட்டால் அங்குள்ள வேர் காய்ந்துவிடும். மண் மாற்றும்போது வேரையும் வெட்டியிருப்போம்; வேர் குறைந்த மரம் குறைவாகவே குடிக்கும், முதல் மூன்று நான்கு வாரம் பழைய கணக்கில் நீர் விடாதீர்கள். ஜேட் செடிக்கு வெட்டிய வேர் ஆற ஒரு வாரம் நீரே வேண்டாம். அடுத்த மாற்றம் எப்போது என்பதைப் பூவாளியே சொல்லும்: நொடியில் இறங்கிக்கொண்டிருந்த நீர் மேலே குளமாக நின்று தயங்கித் தயங்கி இறங்கினால், ஒன்று குருணை பொடிந்துவிட்டது, இல்லையென்றால் தொட்டி முழுக்க வேர் நிறைந்துவிட்டது.