கணினி நன்றாக ஓடும்போதே செய்து வையுங்கள்

நேற்று காலை வீட்டுக் கணினி திறக்கவே இல்லை. நீலத் திரை, ரீஸ்டார்ட், திரும்பவும் நீலத் திரை. நல்லவேளை, போன வருடம் செய்து வைத்த ரெக்கவரி டிரைவ், அதாவது விண்டோஸ் திறக்காதபோது சரிசெய்ய உதவும் பென்டிரைவ், மேசை டிராயரில் இருந்தது. அதைச் செருகி, எதிலிருந்து தொடங்குவது என்று கணினி கேட்கும் பூட் மெனுவில் யுஎஸ்பியைத் தேர்ந்தெடுத்து, ஸ்டார்ட்அப் ரிப்பேர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பழையபடி திறந்துவிட்டது. அப்பாடா!

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு ரெக்கவரி டிரைவ் செய்துவிடுங்கள். 16 ஜிபி பென்டிரைவாவது வேண்டும், 32 என்றால் நிம்மதி. ஸ்டார்ட் மெனுவில் ரெக்கவரி டிரைவ் என்று தேடினால் அதற்கான வசதி வரும். சிஸ்டம் கோப்புகளையும் சேர்க்கவா என்று கேட்கும் இடத்தில் டிக் இருக்கட்டும். அது இருந்தால்தான் விண்டோஸை இதிலிருந்தே மறுபடி நிறுவ முடியும். நேரம் பிடிக்கும், பாதியில் பிடுங்கிவிடாதீர்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம்: இதில் உங்கள் படங்களோ ஆவணங்களோ சேராது. பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். இதை வைத்து விண்டோஸை மறுபடி நிறுவினால் கணினியில் இருக்கும் படங்களும் போய்விடும். அவற்றுக்குத் தனி பேக்கப் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், பிட்லாக்கர் (டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். ரிப்பேர் செய்யும்போது கேட்கக்கூடும்.

அப்டேட்கள் வந்துகொண்டே இருப்பதால் வருடத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்வது நல்லது. என்னுடையதை இன்று மதியமே புதுப்பித்து, மேலே தேதி எழுதி ஒட்டிவிட்டேன்.