கீமோ வார்டில் உதவியாளராகச் சேருகிறவர்களுக்கு

புற்றுநோய் வார்டில் உதவியாளராகச் சேருகிறவர் முதல் நாளே மனப்பாடம் செய்ய வேண்டிய எண் ஒன்று உண்டு: 100.4. இது பாரன்ஹீட் கணக்கு, செல்சியஸில் 38. மற்ற வார்டுகளில் இந்தச் சூட்டுக்கு ஒரு பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்க்கலாம். கீமோ போட்டவருக்கு அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மருந்து ஏறிய ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாளுக்குள் பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கிவிடும். கிருமியோடு சண்டை போட அணுக்களே இல்லாததால் சீழ் பிடிக்காது, சிவக்காது, வீங்காது. காய்ச்சல் மட்டும்தான் வெளியே தெரியும். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதுதான் இலக்கு. அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் வீணாகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

பெரும்பாலும் தப்பு நடப்பது கூட இருக்கும் உறவினரின் பையில் உள்ள மாத்திரையால்தான். உடம்பு கொஞ்சம் சுட்டதும் வீட்டில் செய்கிற மாதிரியே பாராசிட்டமால் கொடுத்துவிடுவார்கள். சூடு இறங்கும், சிஸ்டர் பார்க்கும்போது 98.6 இருக்கும், சார்ட்டில் அதுதான் ஏறும். உள்ளே கிருமி பெருகிக்கொண்டே இருக்கும். அதனால் சூடு பார்க்காமல் மாத்திரை கூடாது என்பதை அட்மிஷன் அன்றே உறவினருக்குச் சொல்லிவிடுங்கள். காபி குடித்தவருக்கு வாயில் தெர்மாமீட்டர் வைப்பதானால் கால் மணி நேரம் பொறுங்கள். அக்குளில் வைத்தால் அளவு சற்றுக் குறைத்தே காட்டும். எங்கே வைத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆசனவாயில் வைக்கவே கூடாது. குளிர் நடுக்கம் வந்துவிட்டால் எண் 100.4-ஐத் தொடாவிட்டாலும் சிஸ்டரிடம் ஓட வேண்டும். “அம்மாவுக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு” என்று சொன்னால் போதாது. “ஏழாம் நம்பர் பெட், 4.10 மணிக்கு வாயில் 100.8, கீமோ முடிஞ்சு ஒன்பதாவது நாள், மாத்திரை எதுவும் கொடுக்கல” என்று சொன்னால் சிஸ்டர் அங்கேயே டாக்டரைக் கூப்பிடுவார்.

நோயாளி தானாக எதையும் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல தாயி, நல்லாருக்கேன்” என்பதுதான் பதில். உண்மையைச் சொன்னால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள், மகனுக்கு இன்னும் நாலு நாள் கூலி போகும் என்ற பயம் அவருக்கு. எண்ணிச் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். ராத்திரி எத்தனை தடவை வெளிக்கிப் போனீங்க? காலையில எத்தனை இட்லி உள்ள போச்சு? கடைசியா ஒண்ணுக்குப் போனது எப்ப? வலிக்கும் அப்படித்தான். பூஜ்யத்திலிருந்து பத்து வரை சொல்லச் சொன்னால் பல பெரியவர்கள் விழிப்பார்கள். “தாங்கவே முடியாத வலிய ஒரு ரூபான்னு வச்சுக்கங்க, இப்ப எத்தன பைசா?” என்று கேட்டால் உடனே “எழுவத்தஞ்சு பைசா இருக்கும்” என்பார்கள். மார்பின் எனும் வலி மாத்திரை சாப்பிடுகிறவரிடம் மலம் போனதா என்று தினமும் கேட்டாக வேண்டும். மார்பின் ஆரம்பித்தால் மலச்சிக்கல் அநேகமாக நிச்சயம். மலமிளக்கி எழுதியிருந்தும் அது தேவையில்லாத மருந்து என்று உறவினர் ஒதுக்கி வைத்துவிடுவது உண்டு. கடைசியில் வயிறு உப்பி, அந்த அவஸ்தைக்குப் பயந்து வலி மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள்.

டிரிப் ஓடும் கையைப் போர்வையால் மூட விடாதீர்கள். ஊசி இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எரியுது, இழுக்குது என்று நோயாளி சொன்னாலோ வீக்கம் தெரிந்தாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். டாக்சோரூபிசின் எனும் சிவப்பு மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தசையையே புண்ணாக்கிவிடும். தேய்த்துவிடாதீர்கள், ஒத்தடமும் நீங்களாக வைக்காதீர்கள்; சிவப்பு மருந்து கசிந்தால் குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டின் எனும் இன்னொரு கீமோ மருந்து கசிந்தால் வெந்நீர் ஒத்தடம், மாற்றி வைத்தால் கேடு. சிவப்பு மருந்து ஏறிய அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று குடும்பமே பதறும். ஆக்சாலிபிளாட்டின் எனும் கீமோ மருந்து போட்டவருக்குச் சில நாள் ஐஸ் தண்ணீர், ஃப்ரிட்ஜில் வைத்த இளநீர் எதுவும் வேண்டாம். தொண்டை அடைப்பது போல இழுக்கும், விரல் மரத்துப்போகும்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். கீமோ முடிந்து 48 மணி நேரம் வரை நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தி எல்லாவற்றிலும் மருந்து கலந்து வரும். பெட்பேன் எடுக்கும்போது இரண்டு ஜோடி கையுறை, மேலே கவுன். கழிவறையில் ஊற்றியதும் மூடியைப் போட்டு இரண்டு முறை ஃப்ளஷ் செய்யுங்கள். கையுறையைக் கழற்றிய பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கீமோ மருந்தை எதுவும் செய்யாது. மருந்து பட்ட கையுறை, டிரிப் செட் எல்லாம் சைட்டோடாக்சிக் (செல்லை அழிக்கும் மருந்து) அடையாளம் போட்ட மஞ்சள் கவருக்குள்தான் போக வேண்டும். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் சொல்வதும் அதையே. கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் இந்த வேலையைச் செய்யக் கூடாது. வெட்கப்படாமல் முதல் மாதத்திலேயே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

வாய், தொண்டைப் புற்று நம் வார்டுகளில் அதிகம் என்பதால் ரைல்ஸ் ட்யூப் போட்டவர்கள் எப்போதும் இருப்பார்கள். மூக்கு வழியாக வயிறுவரை போகும் இந்தக் குழாயில் கஞ்சி ஊற்றுவது எளிதாகத் தெரியும். கவனம் பிசகினால் நுரையீரலுக்குள் கஞ்சி போகும்.

முதலில் மூக்கு ஓரத்தில் மார்க்கர் பேனாவால் போட்ட கோட்டைப் பாருங்கள். கோடு வெளியே நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். இருமியோ வாந்தி எடுத்தோ இருந்தால் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், குழாய் தொண்டையில் சுருண்டிருக்கலாம். சரியான இடத்தில் இருக்கிறதா என்று சோதிப்பது சிஸ்டர் வேலை. சந்தேகம் வந்தால் நிறுத்துவது உங்கள் வேலை. கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். 50 மில்லி சிரிஞ்சின் உள்தண்டைக் கழற்றிவிட்டு, புனல் போல மாட்டி, 30 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு கஞ்சி 200 மில்லி, டயட்டீஷியன் எழுதியிருந்தால் 250. தானாக இறங்கட்டும், கால் மணி நேரம் பிடிக்கும். அவசரத்தில் உள்தண்டை வைத்து அழுத்தினால் வயிறு பொருமி வாந்தி வரும். இருமல் வந்தாலோ முகம் நீலம் பாய்ந்தாலோ உடனே குழாயை மடக்கிப் பிடித்து நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். முடிந்ததும் மறுபடி 30 மில்லி தண்ணீர். அடுத்த ஒரு மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

அடைப்பு வருவது பெரும்பாலும் கஞ்சிப் பக்குவத்தால்தான். கேழ்வரகுக் கஞ்சியும் சத்துமாவுக் கஞ்சியும் ஆற ஆற இறுகும். அடுப்பிலிருந்து இறக்கும்போது தண்ணியாக இருந்தது ஊற்றும்போது கூழாகிவிடும். ஆறிய பிறகு பதம் பார்த்து, வெந்நீர் சேர்த்து, டீ வடிகட்டியில் வடிகட்டுங்கள். மாத்திரையைக் கஞ்சியில் கலக்காமல் தனியாகப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் கொடுக்க வேண்டும். எல்லா மாத்திரையையும் பொடிக்கவும் கூடாது: மெதுவாக வேலை செய்யும் வகை மார்பினைப் பொடித்தால் பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே நேரத்தில் இறங்கி மூச்சை அடக்கிவிடும். பொடிப்பதற்கு முன் சிஸ்டரிடம் காட்டுங்கள். குழாய் அடைத்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து மெல்ல உள்ளே விட்டு இழுத்துப் பார்க்கலாம். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாயே வெடிக்கும். கம்பி விடும் பேச்சே வேண்டாம்.

வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, அரைக்கால் டீஸ்பூன் உப்பு கலந்து, நாளைக்கு ஐந்தாறு முறை கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். கடை மவுத்வாஷில் பெரும்பாலும் ஆல்கஹால் இருக்கும், எரியும். கதிர்வீச்சு நடக்கும்போது உடம்பில் போட்ட மை அடையாளம் அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) குறைந்தவருக்குப் பிளேடு சவரம் வேண்டாம். காலில் சிவப்புப் புள்ளிகளோ ஈறில் ரத்தமோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள். பிளேட்லெட் ஏறும் என்று டெங்குக்குக் கேள்விப்பட்ட பப்பாளி இலைச் சாற்றை இங்கேயும் டம்ளரில் மறைத்துக் கொண்டுவருவார்கள். திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமல் கொடுப்பார்கள். டாக்டரிடம் சொல்லி அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

இந்த வேலையில் மிகக் கடினமானது இன்னொன்று. “அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க, கட்டின்னு மட்டும் சொல்லியிருக்கோம்” என்று மகள் வாசலிலேயே நிறுத்திச் சொல்வார். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையால், தமிழ்நாட்டில் பலருக்கு “அடையாறு” என்ற ஊர்ப்பெயரே நோயின் பெயராகக் கேட்கும்; போர்டு படிக்கத் தெரிந்தவருக்கு மறைக்க என்ன இருக்கிறது? ராத்திரி ரெண்டு மணிக்குப் பெட்பேன் வைக்கும்போது அவர் உங்களிடம்தான் கேட்பார்: “எனக்கு என்ன நோய்மா?” நோயின் பெயரைச் சொல்வது டாக்டரின் பொறுப்பு, நீங்கள் சொல்லாதீர்கள். ஒண்ணுமில்ல என்று பொய்யும் சொல்லாதீர்கள். “என்ன நினைச்சுக் கேக்குறீங்கய்யா?” என்று கேட்டுவிட்டு, கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு, அவர் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள். காலையில் டாக்டரிடம் “இவர் தெரிஞ்சுக்கணும்னு கேக்குறாரு” என்று சொல்லுங்கள். மகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று மூன்று காரியம். வெளியூர்க்காரருக்கு ரயில் சலுகைப் படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்கியாயிற்றா என்று பாருங்கள்; சிகிச்சைக்கான பயணத்தில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, உடன் வருபவருக்கு 75 சதவீதம். பயாப்ஸி ரிப்போர்ட்டும், திருப்பிக் கொடுத்த, எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் ஒரே பையில் இருக்கட்டும். அதைத் தொலைத்தால் மறுபடி சதை எடுக்க வேண்டிவரும். குழாயோடு போகிறவரின் வீட்டு ஆள், சிஸ்டர் பார்க்க, தன் கையாலேயே மூன்று முறையாவது கஞ்சி ஊற்றிக் காட்ட வேண்டும். வீட்டில் குழாய் வெளியே வந்துவிட்டால் தாங்களே உள்ளே தள்ளக் கூடாது, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பதை வார்டு போன் நம்பரோடு பெரிய எழுத்தில் எழுதி, ஃபைலின் மேல் அட்டையில் ஒட்டிக் கொடுங்கள்.