அழைக்காமல் உள்ளே வர முடியாதவன்

கடந்த ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கம் விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் தொங்கல் காம்பராவில், அதாவது கடைசி அறையில், நாங்கள் ஐந்து பேர் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடினோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு அது. மின்சாரம் மாலையிலேயே போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருபது முகப் பகடையை உருட்டி, எண்ணைக் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. கதையை நடத்தும் பொறுப்பு என்னுடையது. அன்றுதான் முதன்முதலாக ஒரு வாம்பயரைக் களத்தில் இறக்கினேன்.

பெயரிலேயே எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. தமிழில் வாம்பயரை இரத்தக்காட்டேரி என்று எழுதுவது வழக்கம். ஆனால் எங்கள் தோட்டங்களில் காட்டேரி என்பது படையல் வைத்துச் சாந்தப்படுத்த வேண்டிய தெய்வம். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் என் பாட்டி முதலில் நேர்ந்துகொள்வது அவளிடம்தான். அந்தப் பெயரை எடுத்து, வாளால் வெட்டி வீழ்த்த வேண்டிய ஓர் எதிரிக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே எங்கள் மேசையில் அவன் வாம்பயராகவே இருந்தான்.

இந்த விளையாட்டின் பிறப்போடு வாம்பயருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அதை வெளியிடுவதற்கு முன்பே, ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவர் வாம்பயராக விளையாடி, மற்றவர்களால் சமாளிக்க முடியாத அளவுக்கு வலிமை பெற்றிருந்தார். அவரை எதிர்கொள்வதற்காக உருவான பாத்திர வகையிலிருந்தே, இன்று எல்லோரும் குணப்படுத்துபவராக அறிந்திருக்கும் கிளெரிக் வந்தது என்பார்கள். தொடக்க காலப் பதிப்புகளில் வாம்பயரின் ஓர் அடி பட்டால் பாத்திரம் இரண்டு லெவல்களை இழந்துவிடும். எட்டாம் லெவலில் நிற்கும் வீரன் இரண்டு அடி வாங்கினால் நான்காம் லெவலுக்கு இறங்கிவிடுவான். மாதக்கணக்கில் விளையாடிச் சேர்த்தது சில நிமிடங்களில் கரைந்துபோகும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், அவனது கடி பாத்திரத்தின் அதிகபட்ச உயிர்ப்புள்ளிகளைக் குறைக்கிறது. ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கி எழுந்தால் அவை திரும்பிவிடுகின்றன. விளையாடுபவர்களுக்கு இது நியாயமான மாற்றம்தான். ஆனாலும் பழைய விதியில் இருந்த அச்சம் இதில் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

அச்சம் வேறோர் இடத்தில் எஞ்சியிருக்கிறது. 2014இன் அந்த ஐந்தாம் பதிப்பில் சாதாரண வாம்பயருக்கு 144 உயிர்ப்புள்ளிகள். சண்டையில் அவனுடைய முறை வரும்போதெல்லாம், இழந்தவற்றில் 20 புள்ளிகள் தாமாகவே கூடும். வீழ்த்தினாலும் மூடுபனியாக மாறித் தன் சவப்பெட்டிக்குத் திரும்பிவிடுவான். இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு நடத்தினால் அவன் சற்று நீளமான சண்டையாக மட்டுமே முடிவான். என்னைப் பொறுத்தவரை அவனைச் சிறந்த அரக்கனாக்குவது அவனைக் கட்டிப்போடும் விதிகள்தான். வெயில் படக்கூடாது. ஓடும் நீரில் நின்றால் உடல் அரிக்கப்படும். குடியிருப்பவர்களில் ஒருவர் அழைக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. வேறெந்த அரக்கனையும் வாளின் பலத்தால் வெல்லப் பார்க்கலாம். இவனை வெல்ல இவனுடைய சட்டத்தைப் படிக்க வேண்டும்.

டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் எழுதி 1983இல் வெளிவந்த ‘ரேவன்லாஃப்ட்’, இந்த விளையாட்டுக்கென எழுதப்பட்ட ஆயத்தக் கதை, இதை நன்றாக உணர்ந்த ஆக்கம். ஸ்ட்ராட் என்ற அதன் வாம்பயர் பிரபு தன் கோட்டையில் ஒரு மூலையில் படுத்துக் காத்திருப்பதில்லை. அவனுக்கென்று ஒரு நோக்கம் இருக்கிறது, அந்த நோக்கத்தைச் சீட்டுக் குறிபார்த்தல் ஒவ்வோர் ஆட்டத்திலும் மாற்றியமைக்கிறது. மேட்டில் கோட்டை, பள்ளத்தில் ஊர், ஊரைச் சுற்றி யாரையும் வெளியேற விடாத மூடுபனி. அதை முதலில் படித்தபோது, எங்கள் வாசலில் நின்று மேலே தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவைப் பார்ப்பது போலவே எனக்கு இருந்தது. வாம்பயர்களாகவே விளையாட வைக்கும் ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ 1991இல் வந்தது, அரக்கனின் உள்மனத்தைக் காட்டும் நல்ல ஆட்டம் அது, ஆனால் பள்ளத்திலிருந்து மேலே பார்ப்பவர்களின் கதையே எனக்கு வேண்டியிருந்தது.

எனவே கோட்டையைப் பங்களாவாக்கினேன், ஊரை லயமாக்கினேன். வாம்பயரின் வசிய சக்தியை எப்படி விளக்குவது என்ற கேள்விக்கு இரத்தம் உறிஞ்சும் எங்கள் அட்டைகளே விடை தந்தன. கொழுந்து மலையில் அட்டை ஏறுவதும் தெரியாது, கடிப்பதும் தெரியாது. அது குடித்து விழுந்த பிறகு, உறையாத இரத்தம் கணுக்காலில் வழிவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். வசியப்பட்ட பாத்திரத்தை நடத்திய தம்பியிடம், “உனக்கு வலி எதுவும் இல்லை, கால் மட்டும் ஈரமாக இருக்கிறது” என்றேன். அவன் உடனே குனிந்து தன் சொந்தக் காலைத் தடவிப் பார்த்தான்.

அதன் பின்னர் வாம்பயர் லயத்துக்கு இறங்கி வந்து, இஸ்தோப்புக்கு, அதாவது முன்திண்ணைக்கு, வெளியே மழையில் நின்றான். கதவைத் திறந்தது, எங்களில் மூத்தவரான அக்காவின் பாத்திரம். “இந்தக் காம்பரா என்னுடையது. கட்டியது என் தோட்டம். என் சொந்த வீட்டுக்குள் வர எனக்கு எதற்கு அழைப்பு?” என்று அவன் வாயால் நான் கேட்டேன். மேசையில் யாரும் பேசவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே காம்பராவில் பிறந்து வளர்ந்தும், காணி உறுதி கையில் இல்லாத வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான் நாங்கள் ஐந்து பேரும். வீடு கட்டத் தருவதாகச் சொல்லும் 7 பேர்ச்சஸ் (நில அளவு) காணி என்ற சொல்லை நாங்கள் கேட்காத தேர்தல் இல்லை.

அக்கா பதில் சொல்லவில்லை. “அந்த விதியை ஒருக்கா அப்படியே வாசிங்க” என்றார். கைபேசி வெளிச்சத்தில் வாசித்தேன். உரிமையாளர் என்று அதில் இல்லை. குடியிருப்பவர் என்றே இருந்தது. “நான்தான் இங்க குடியிருக்கேன். உள்ளுக்கு வராதே” என்று, என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பகடை உருட்ட வேண்டிய தேவையே எழவில்லை. வாம்பயர் வாசலில் நின்றான், பின்பு போனான். போகும் வழியில் தேயிலை மலையின் கானில், அதாவது வடிகாலில், மழைநீர் சுழித்து ஓடியது. அதுவும் ஓடும் நீர்தானே என்று தம்பி கேட்டபோது ஆம் என்று தீர்ப்பளித்தேன். அவர்கள் அவனை அதற்குள் தள்ளி 20 புள்ளிகள் குறைத்த பின்புதான் அவன் பனியாகி மேலேறினான்.

அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறையில் பங்களாவுக்குள் போகிறார்கள். தேயிலையைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியை நெஞ்சில் இறக்கினால் போதுமா என்று கேட்டார்கள். மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும் என்று விதியைக் காட்டினேன். இப்போது அவர்களுடைய பாத்திரங்கள் லயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட பழைய தேயிலை மரத்தின் அடிக்கட்டையை அதே கத்தியால் சீவிக்கொண்டிருக்கிறார்கள்.