ஊஸ்திகா: உலோகம் ஒன்று சொல்கிறது, ரேடார் வேறு சொல்கிறது

ஜூன் 23
விமானத்தை வீழ்த்தியது பிரான்ஸ்தான் என்று இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஜூலியானோ அமாத்தோ 2023-இல் கொடுத்த பேட்டியைப் பற்றி நண்பர் கேட்டார். அதனால் மறுபடி ஊஸ்திகா. 1980 ஜூன் 27, இத்தாவியா நிறுவனத்தின் டிசி-9 பயணிகள் விமானம், இத்தாலியின் போலோன்யாவிலிருந்து சிசிலியின் பலெர்மோவுக்கு. இரவு 9 மணியைத் தொடும் நேரத்தில் ஊஸ்திகா தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. 81 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. காக்பிட் ஒலிப்பதிவு ஒரு சொல்லின் பாதியில் அறுந்துபோகிறது.

ஜூன் 24
'பழைய விமானம், தானாக உடைந்தது' என்றார்கள் முதலில். அந்தப் பழியோடு இத்தாவியா அதே டிசம்பரில் பறப்பதை நிறுத்தியது. சிதைவுகளோ சுமார் 3,700 மீட்டர் ஆழத்தில் கிடந்தன. மேலே எடுக்கத் தொடங்கியதே 1987-இல்தான். ஏழு வருஷம் உப்புத் தண்ணீரில் ஊறிய சாட்சி!

ஜூன் 25
1994-இல் சர்வதேச நிபுணர் குழு உலோகத்தைப் பார்த்துச் சொன்னது: பின்பக்கக் கழிவறையில் குண்டு. 1999-இல் நீதிபதி ரொசாரியோ பிரியோரே, ரேடார் பதிவுகளை வைத்துச் சொன்னது: வானில் நடந்த ராணுவ மோதலின் நடுவே சிக்கியது.

எனக்கு உறுத்துவது தாமதம். மாலை 6.15-க்குக் கிளம்ப வேண்டிய விமானம் 8.08-க்குத்தான் கிளம்பியது. கடிகாரக் குண்டு என்றால், நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் பலெர்மோவில் எல்லோரும் இறங்கிப் போன பிறகல்லவா வெடித்திருக்கும்? உயரத்தை அளந்து வெடிக்கும் வகை என்று வாதிடலாம். வாதிடட்டும்.

ஜூன் 26
அதே வருஷம் ஜூலை 18-இல் தெற்கு இத்தாலியின் கலாப்ரியா மலையில் லிபியாவின் மிக்-23 போர்விமானம் ஒன்று விழுந்து கிடந்தது. அன்றுதான் விழுந்தது என்பது அதிகாரபூர்வக் கதை. ஜூன் 27-லேயே விழுந்தது என்போர் இன்னும் உண்டு. இந்த மிக் கதையில் இறங்கினால் கரையேற முடியாது, விடுகிறேன்.

ஜூன் 27
ஆதாரங்களை மறைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட இத்தாலிய விமானப்படைத் தளபதிகள் 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் முற்றாக விடுதலை. 2013-இல் அதே உச்ச நீதிமன்றத்தின் சிவில் அமர்வு, காரணம் ஏவுகணைதான் என்று ஏற்று, வான்வழியைக் காக்கத் தவறிய அரசே இழப்பீடு தரவேண்டும் என்றது. எய்தவன் பெயர் மட்டும் தீர்ப்பில் இல்லை.

அன்று பிரதமராயிருந்த கொசிகா பல வருஷம் கழித்துப் பிரான்சைக் கைகாட்டினார். அமாத்தோவும் அதையேதான் சொன்னார், லிபியத் தலைவர் கடாஃபிக்கு வைத்த குறி என்று. புது ஆதாரம் எதுவும் தரவில்லை. அரசியல்வாதிகளின் தாமதமான ஞானோதயத்தைவிட எனக்குப் பிரான்சின் கர்சிகா தீவிலுள்ள சொலென்சாரா ராணுவ விமானத்தளம்தான் முக்கியம். அன்று மாலையே அங்கே பறத்தல் முடிந்துவிட்டது என்கிறது பிரான்ஸ். பக்கத்தில் விடுமுறையில் தங்கியிருந்த காரபினியேரி (இத்தாலிய ராணுவக் காவல்படை) அதிகாரி ஒருவரோ, இரவு வெகுநேரம் வரை போர்விமானங்கள் ஏறி இறங்கியதாகச் சாட்சி சொன்னார். யாராவது பொய் சொல்ல வேண்டும். காரபினியேரிக்காரருக்கு அதில் என்ன லாபம்?