தட்டு விழுந்துச்சா, நான் போட்டேனா

ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துல, கணவாய் மீன் ஏத்துமதி பண்ற ஒரு கம்பெனில மெயில் பாக்குற வேலை எனக்கு. சரக்கு நிறைய ஸ்பெயினுக்குத்தான் போகுது, அதனால போன்ல ஆப் போட்டு ஸ்பானிஷ் படிக்கிறேன், எட்டு மாசமாச்சு. நல்லாத்தான் போச்சு, இந்த 'செ'ங்கற ஒத்த எழுத்து வந்ததும் வல்லம் தரை தட்டுன மாதிரி நின்னுருச்சு.

ஆப்ல இங்கிலீஷ்ல வெளக்கம், தன்னைத்தானே செய்யிறதாம். 'நான்'னு வந்தா அந்த 'செ' 'மே' ஆயிரும், 'மே லாவோ'ன்னா என்னை நானே கழுவுறேன். எவன் இப்படி பேசுவான்?

ஒருநாள் தங்கச்சி கைலேருந்து தட்டு டமால்னு விழுந்துச்சு, அம்மா உள்ளேருந்து "என்னடி சத்தம்"னு கேக்க, இவ கூலா "தட்டு விழுந்துருச்சும்மா"ங்குறா. போட்டது இவ, பழி தட்டு மேல! ஸ்பானிஷ்லயும் அதே கதைதான், 'செ மே காயோ எல் பிளாட்டோ', தட்டு எனக்கு விழுந்துருச்சுங்கற மாதிரி. இது தெரியாம நான் ஒரு இன்வாய்ஸ் காணாமப் போனதுக்கு 'பெர்தீ லா ஃபாக்தூரா'ன்னு மெயில் போட்டேன், அதாவது நாந்தான் தொலைச்சேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். 'செ மே பெர்தியோ'ன்னு எழுதிருந்தா தொலைஞ்சு போச்சுன்னு ஆயிருக்கும், மேனேஜர்ட்ட வாங்குன திட்டும் பாதியா குறைஞ்சிருக்கும்.

அப்புறந்தான் ஒவ்வொண்ணா தமிழ்ல வச்சுப் பாக்க ஆரம்பிச்சேன். கணவாய் அறுக்கும்போது விரலை வெட்டிக்கிட்டேன், 'மே கோர்த்தே எல் தேதோ'. நம்ம 'கிட்டேன்'தான் அங்க 'மே'. "என் விரலை"ன்னு நாமளும் சொல்றதில்ல அவனும் சொல்றதில்ல, பின்ன அடுத்தவன் விரலையா வெட்டிக்க முடியும்? இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் "என்" வேணும். ஆனா இதையே பிடிச்சுக்கிட்டு எல்லா எடத்துலயும் போட்டா மாட்டிக்குவோம், எந்திரிக்கிறதுக்கு அவனுக்கு 'மே லெவாந்தோ'ன்னு 'மே' வேணும், நமக்கு சும்மா எந்திரிச்சா போதும்.

கடை போர்டுல வர்ற 'செ' வேற ரகம். 'செ பெந்தே பெஸ்காதோ', மீன் விக்கப்படும்னு ஆப் சொல்லுது. எங்க படகுத்துறை பக்கம் "இங்கு ஐஸ் கிடைக்கும்"னு போர்டு இருக்குல்ல, யார் குடுக்குறா எவன் விக்கிறான்னு ஒண்ணும் இல்லாம, அதே டைப்தான். ஒரே தொல்லை, இறால்னு பன்மைல வந்தா 'செ பெந்தென் காம்பாஸ்'னு வினையும் மாறணும். நமக்கு ஒரு இறாலும் கிடைக்கும், ஒரு கூடை இறாலும் கிடைக்கும்.

அதே மாதிரி 'அமானெசே'. விடியுது, அவ்வளவுதான், எது விடியுதுன்னு யாரும் கேக்குறதில்ல. இங்கிலீஷ்ல அதுக்கு முன்னாடி ஒரு 'இட்'டை கொண்டாந்து நிறுத்தணும், அந்த வழியா சுத்திட்டு வந்ததுலதான் எனக்கு ரெண்டு மாசம் போச்சுன்னு நெனைக்கிறேன்.

காலைல பெரியப்பா வலையோட திரும்பி வந்துட்டாரு. காத்து கூடிருச்சாம், இன்னைக்கு கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்லையாம். இந்த 'ஆம்' இருக்கே, அதுதான் 'செ தீசே கே', 'சொல்லப்படுது'ன்னு எனக்குள்ள ஒரே குஷி.

"யாரு பெரியப்பா சொன்னா?"

"சொல்றாங்கப்பா."

'தீசென்'. அதுவும் பாடத்துல இருக்கு.