"ஹவ் ஆர் யூ கோப்பிங்?"

ஆங்கிலம் பேசும் நாட்டில் குடியேறியவர் காதில் விரைவிலேயே விழும் கேள்வி இது. குழந்தை பிறந்த வீட்டைப் பார்க்க வரும் செவிலியர் கேட்பார். தாயகத்தில் நெருங்கிய உறவினர் இறந்த செய்தியை அறிந்த மேலாளர் கேட்பார். "ஹவ் ஆர் யூ?" என்ற வழக்கமான நலவிசாரிப்பைப் போல ஒலிப்பதால், நம்மவர் பலர் "ஃபைன்" என்று சொல்லிக் கடந்துவிடுகின்றனர். ஆனால் இது, நம்மீது ஒரு பாரம் இருப்பதை அறிந்து, அதைத் தாங்க முடிகிறதா என்று அறியக் கேட்கப்படுவது.

இக்கேள்வியில் உள்ள 'கோப்' (cope) என்ற வினைக்குச் 'சமாளி' என்றே அகராதிகள் பொருள் தருகின்றன. அது தவறில்லை. எனினும், தமிழில் 'ஏதோ சொல்லிச் சமாளித்தான்' என்றால் உண்மையை மறைத்துத் தப்பித்தான் என்ற பொருளும் வந்துவிடுகிறது; ஆங்கில வினையில் அந்தச் சாயல் இல்லை. எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது 'தாக்குப்பிடி' என்பதே. அடியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த 'கோப்', தொடக்கத்தில் கைகலப்பில் இறங்குவதையே குறித்தது. பிறகுதான் எதிராளிக்கு ஈடுகொடுப்பது என்றும், துன்பத்துக்கு ஈடுகொடுப்பது என்றும் விரிந்தது. நம் சொல்லிலும் ஒரு 'தாக்கு' இருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

இதற்கு நெருக்கமான வேறு இரு ஆங்கில வினைகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். 'மேனேஜ்' என்பதில் காரியம் கைகூடிவிடும். 'டீல் வித்' என்பதில் சிக்கலைத் தீர்க்க ஏதேனும் செய்தாக வேண்டும். 'கோப்' இவ்விரண்டையும் கோருவதில்லை. சிக்கல் தீராமலே இருக்கலாம், மனிதர் குலையாமல் இருந்தால் போதும். உளவியலாளர்களான ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் விளக்கியபடி, சிக்கலையே மாற்ற முயல்வதும், அது எழுப்பும் உணர்ச்சியை ஆற்றிக்கொள்வதும் இதில் அடங்கும். படிவங்களும் வேலைத் தேடலும் முதல் வகையைச் சேர்ந்தவை; பெற்றோரைப் பிரிந்திருக்கும் ஏக்கத்துக்கோ பெரும்பாலும் இரண்டாவது வழியே உண்டு.

வழக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மிடையே பரவலாக உள்ள 'கோப் அப் வித்' என்ற வடிவம் பொது ஆங்கிலத்தில் ஏற்கப்படுவதில்லை. 'கோப் வித்' என்பதே சரி. எதை என்று சொல்லத் தேவையில்லாத இடத்தில் 'வித்' கூட வேண்டியதில்லை.

மருத்துவரிடம் பேசும்போது இந்த வினைக்குத் தனி எடை உண்டு. "ஐ வில் மேனேஜ்" என்றால், உதவி வேண்டாம் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். "ஐ ஆம் ஸ்ட்ரக்லிங் டு கோப்" (தாக்குப்பிடிக்கத் திணறுகிறேன்) என்றாலோ, பேச்சை நிறுத்தி மேலும் விசாரிப்பார்கள். அதைச் சொல்வதைக் கௌரவக் குறைவாக நம் குடும்பங்கள் கருதுவது எனக்கு வருத்தம் அளிக்கிறது. அப்படிச் சொல்லும்போது எது தாங்க முடியாததாக இருக்கிறது என்பதையும், தூக்கமின்மையா, தனிமையா, இரவுப் பணியா என்று பெயரிட்டுச் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த உதவியை ஏற்பாடு செய்வது என்பதை அவர்கள் அதை வைத்தே முடிவு செய்வார்கள்.