ஸ்டிக்கரில் 4016

எங்கள் தெருமுனைப் பழக்கடையில் ஆப்பிளுக்கு ஊர்ப்பெயர்தான் உண்டு. அடர்சிவப்பாக, அடி குறுகி, மெழுகு பூசிப் பளபளப்பது ‘வாஷிங்டன்’. அதைவிடச் சற்று மங்கலாக, மஞ்சள் கீற்றுகளோடு வருவது ‘சிம்லா’. அதே முகச்சாயலில் விலை கொஞ்சம் இறங்கி வருவது ‘காஷ்மீர்’. பச்சைப் பழத்துக்கு ஊர்கூடக் கிடையாது. ‘கிரீன் ஆப்பிள்’ என்பதோடு சரி. சென்ற மாதம் ஒரு வாஷிங்டனின் தோலில் இருந்த சிறிய ஸ்டிக்கரை நகத்தால் உரித்துப் படித்தேன். 4016 என்றிருந்தது. பழக்கடைகளில் பில் போட வசதியாகப் பல நாடுகளிலும் பயன்படும் இந்த எண்கள் ஊரைச் சொல்வதில்லை. ரகத்தையும் அளவையும் சொல்கின்றன. 4016 என்றால் பெரிய ரெட் டெலிசியஸ், 4017 என்றால் பெரிய கிரானி ஸ்மித், 4131 என்றால் பெரிய ஃபூஜி. ஆக, கடைக்காரர் மூன்று ஊர் சொல்லி மூன்று விலைக்கு விற்றவை பெரும்பாலும் ஒரே ரெட் டெலிசியஸ் குடும்பத்துப் பழங்கள்தான்.

ஆப்பிளில் ரகம் என்பதற்கு நெல்லிலோ கத்தரியிலோ உள்ள பொருள் இல்லை. ஒரு பழத்தைக் குறுக்காக வெட்டினால் நடுவில் விண்மீன் வடிவில் ஐந்து அறைகளும், அவற்றில் ஓரிரண்டாகக் கரும்பழுப்பு விதைகளும் தெரியும். அந்த விதைகளில் எதை நட்டாலும் நாம் தின்ற பழம் திரும்பக் கிடைக்காது. ஆப்பிள் பூ பொதுவாகத் தன் ரகத்தின் மகரந்தத்தை ஏற்பதில்லை. வேறொரு ரகத்திலிருந்து தேனீ கொண்டுவந்தால்தான் காய் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு விதையும் ஒரு புதிய கலப்பு. அதிலிருந்து வரும் மரம் அநேகமாகப் புளிப்பும் துவர்ப்புமாகச் சிறு காய்களைத்தான் தரும். பிடித்த மாம்பழத்தின் கொட்டையை நட்டு ஏமாந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒட்டு மாங்கன்று போலவே, நல்ல பழம் தந்த மரத்தின் குச்சியை வெட்டி வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவதுதான் ஒரே வழி. அப்படிப் பார்த்தால், பெயர் பெற்ற ஒவ்வொரு ஆப்பிளும் எப்போதோ ஏதோ ஓரிடத்தில் நின்ற ஒற்றை மரம். உலகத்து ரெட் டெலிசியஸ் எல்லாம் அந்த ஒரு மரத்தின் கிளைகளே.

இந்தக் கலப்புகள் எல்லாவற்றுக்கும் மூலம் நடு ஆசியாவின் தியான் ஷான் மலைச்சரிவுகளில் இருக்கும் காட்டு ஆப்பிள். அங்குள்ள கசகஸ்தான் நகரமான அல்மாட்டியின் பெயரிலேயே ‘அல்மா’, அதாவது ஆப்பிள், இருக்கிறது. ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கலாய் வவிலோவ் 1929இல் அங்கே சென்று, நகரைச் சூழ்ந்த காடுகளில் நிறத்திலும் அளவிலும் சுவையிலும் ஒன்றுபோல் ஒன்றில்லாமல் காய்த்துக் கிடந்த ஆப்பிள்களைக் கண்டு, ஆப்பிளின் தாயகம் இதுவே என்ற முடிவுக்கு வந்தார். பிற்கால மரபணு ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தின. பட்டுச் சாலை வழியாக மேற்கே போனபோது ஐரோப்பியக் காட்டு ஆப்பிளின் கலப்பும் அதில் சேர்ந்துகொண்டது.

ரெட் டெலிசியஸின் முதல் மரம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பெரூ என்னும் சிற்றூரில், ஜெஸ்ஸி ஹயட் என்ற விவசாயியின் தோட்டத்தில் தானாக முளைத்தது. வரிசைக்கு வெளியே நின்ற அந்தக் கன்றை அவர் வெட்டினார், மறுபடி துளிர்த்தது, மறுபடியும் வெட்டினார், மூன்றாம் முறை துளிர்த்தபோது, இவ்வளவு பிடிவாதம் பிடிக்கும் செடி பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. காய்த்தபோது அதற்கு ‘ஹாக்ஐ’ என்று பெயரிட்டார். 1893இல் மிசௌரி மாநிலத்தின் லூசியானா என்ற ஊரில் ஸ்டார்க் பிரதர்ஸ் நாற்றங்கால் நிறுவனம் நடத்திய போட்டிக்கு அவர் அனுப்பிய பழமே வென்றது. ஆனால் அனுப்பியவர் பெயர் தொலைந்துவிட்டதால், அவர் அடுத்த ஆண்டும் அனுப்பும் வரை காத்திருக்க நேர்ந்தது என்கிறார்கள். நிறுவனம் உரிமையை வாங்கி, ‘டெலிசியஸ்’ என்று புதுப்பெயர் வைத்து விற்கத் தொடங்கியது. அதே நிறுவனம் 1914இல் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மஞ்சள் ஆப்பிள் மரத்தை 5,000 டாலருக்கு வாங்கி, யாரும் குச்சி ஒடித்துப் போகாதபடி மரத்தைச் சுற்றிக் கம்பிக் கூண்டே கட்டியது. அதுதான் கோல்டன் டெலிசியஸ். பெயர்தான் ஒன்று, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் எந்த உறவும் இல்லை.

அயோவாவின் மரம் சிம்லாவுக்கு வந்த வழியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். பிலடெல்பியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், 1904இல் தொழுநோயாளிகளுக்குப் பணிசெய்ய இந்தியாவுக்கு வந்தவர். சிம்லாவுக்கு அப்பால் கோட்கரில் குடியேறி, அந்த ஊர்ப் பெண்ணையே மணந்துகொண்டார். இந்த மலைகளில் ஆப்பிள் அவருக்கு முன்பே உண்டு. குலு பள்ளத்தாக்கின் பந்த்ரோலில் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் 1870 அளவிலேயே தோட்டம் போட்டிருந்தார். ஆனால் ஆங்கிலேயர் கொண்டுவந்தவை புளிப்பு ரகங்கள். இந்திய நாக்குக்குப் பழம் என்றால் இனிக்க வேண்டும். ஸ்டோக்ஸ் 1916இல் அமெரிக்காவிலிருந்து டெலிசியஸ் கன்றுகளைத் தருவித்து நட்டார். சில ஆண்டுகளில் கோல்டன் டெலிசியஸும் வந்து சேர்ந்தது. அந்த மஞ்சள் மரம் இமாசலத் தோட்டங்களில் இன்றும் நிற்பதற்கு முக்கியக் காரணம், சிவப்புக்கு மகரந்தம் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பதே. ஸ்டோக்ஸ் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து சிறை சென்றார். 1932இல் இந்து மதத்தைத் தழுவிச் சத்யானந்த் ஆனார். 1946இல், விடுதலைக்கு ஓராண்டு முன்பு, காலமானார். அதற்குள் கோட்கரின் உருளைக்கிழங்கு வயல்கள் பல ஆப்பிள் தோட்டங்களாக மாறத் தொடங்கியிருந்தன.

இவ்வளவு பெருமை உடைய பழம் இன்று ஏன் சப்பென்று இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் குறையை நான் மறுக்க மாட்டேன். ஹயட்டின் பழம் முழுச் சிவப்பு அன்று, கீற்றுக் கீற்றான சிவப்பு. ஆப்பிள் மரத்தில் சில சமயம் ஒரே ஒரு கிளை மட்டும் மரபணு மாறி, மற்றக் கிளைகளைவிடச் சிவந்த காய்களைத் தரும். அந்தக் கிளையின் குச்சியை ஒட்டுக்கட்டினால் புதிய, மேலும் சிவந்த டெலிசியஸ் கிடைத்துவிடும். சந்தை நிறத்துக்கே விலை கொடுத்ததால், தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சிவப்பையே தேர்ந்தெடுத்தார்கள். தோல் தடித்தது, பழுப்பதற்கு முன்பே சிவந்துவிட்டதால் முன்பே பறிக்கவும் செய்தார்கள், அதன்பின் மாதக்கணக்கில் குளிர்கிடங்கு. வெளியே மாணிக்கம், உள்ளே மாவு. 2018இல் அமெரிக்காவிலேயே அதன் முதலிடத்தை நியூசிலாந்துக் காலா என்ற ரகம் எடுத்துக்கொண்டது. டெலிசியஸின் நல்ல குணங்களைச் சுவைக்க விரும்புகிறவர்கள் அதன் மகளான ஃபூஜியை வாங்கலாம். ஜப்பானின் அவோமோரி மாகாணத்து ஃபுஜிசாகியில் ரெட் டெலிசியஸையும் ரால்ஸ் ஜேனட் என்னும் பழைய அமெரிக்க ரகத்தையும் கலந்து உருவாக்கி, 1962இல் பெயர் சூட்டப்பட்ட ரகம் அது. இனிப்பு, சாறு, நறுக்கென்ற கடி மூன்றும் அதில் உண்டு.

சமையலுக்கு வந்தால் ரகம் பார்க்காமல் முடியாது. நான் ஒருமுறை ரெட் டெலிசியஸில் பச்சடி செய்து, ஐந்து நிமிடத்தில் அது புளிப்பும் இல்லாமல் உருவமும் இல்லாமல் குழைந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குரிய பழம் கிரானி ஸ்மித். சிட்னிக்கு அருகே வசித்த மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் தோட்டத்தில் முளைத்து, 1868 அளவில் பிறர் கவனத்துக்கு வந்த மரம் அது. அவர் 1870இல் இறந்துவிட்டார். 1891இல் கண்காட்சி ஒன்றில் அந்தப் பழம் சமையல் ஆப்பிள் பிரிவில்தான் பரிசு பெற்றது. அதன் புளிப்பு வெப்பத்தில் கரைந்துவிடாது, துண்டும் கலையாது. மாங்காய் இல்லாத மாதங்களில் அதைத் தோலோடு சிறு சதுரங்களாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி, பெருங்காயமும் வெந்தயப்பொடியும் சேர்த்து, கடுகு தாளித்த நல்லெண்ணெயைச் சூடு ஆறியபின் ஊற்றினால் உடனடி ஊறுகாய் ஆகிவிடும். ஒரு வாரத்துக்குள் தின்று தீர்க்க வேண்டும்; அதற்கு மேல் எங்கள் வீட்டில் மிஞ்சியதும் இல்லை.

துண்டு நிற்க வேண்டாம், கரையவேண்டும் என்றால் அதற்கு வேறு பழம் இருக்கிறது. இங்கிலாந்தின் சவுத்வெல் ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி நட்ட விதை மரமானது; பின்னாளில் அந்த வீட்டை வாங்கிய பிராம்லி என்ற கசாப்புக்காரர், குச்சி கேட்டு வந்த நாற்றங்கால்காரரிடம், என் பெயரை வைப்பதானால் எடுத்துக்கொள் என்றார். நட்டவள் பெயர் மறைந்து, வாங்கியவர் பெயர் நின்றது. பிராம்லியைப் பச்சையாகக் கடித்தால் பல் கூசும். அடுப்பில் வைத்தால் நுரைபோலக் குழையும். லண்டனில் இருக்கும் என் அத்தை மகள் மாங்காய்த் தொக்குக்குப் பதிலாக இதைத்தான் கிளறுகிறாள். அதே இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியைச் சேர்ந்த கிங்ஸ்டன் பிளாக், டாபினெட் போன்றவை இன்னொரு சாதி: வாய் முழுக்கத் துவர்க்கும், தின்ன முடியாது, ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் சைடர் மதுவுக்கு அந்தத் துவர்ப்புதான் உடம்பு.

காஷ்மீருக்கே உரிய பழைய ரகம் அம்ரி. சற்று நீண்ட உருவம், நல்ல மணம், குளிர்கிடங்கு இல்லாமலே நெடுநாள் கெடாத குணம் என்று எல்லாம் இருந்தும், டெலிசியஸ் பரவியபோது பின்னுக்குத் தள்ளப்பட்டது. பிறகு காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகத்தார் அந்த அம்ரியையும் அதை ஒதுக்கிய ரெட் டெலிசியஸையுமே கலந்து ‘லால் அம்ரி’ என்ற ரகத்தை உருவாக்கினார்கள். சென்ற வாரம் எங்கள் கடைக்காரரிடம் அம்ரி வருமா என்று கேட்டேன். “காஷ்மீர்தானே சார், இதுவும் காஷ்மீர்தான்” என்று சொல்லி, நான்கு டெலிசியஸை எடுத்துத் தராசில் வைத்தார்.